கை வெச்ச விலை

வாங்க தம்பி, வாங்க. செருப்போடயே வரலாம், இது வாசல்தான். அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க. நாய் ஒண்ணும் பண்ணாது. சோத்துக்கு ஒருவாட்டி கொரைக்கும், அத்தோட சரி.

வண்டியப் பாக்கத்தான வந்தீங்க? நிக்குதே அந்தப் பழைய லாரி, அதுதான். வாசல முழுசா அடச்சுக்கிட்டு நிக்குது பாருங்க, நான் மொபெட்ட வெளிய எடுக்கோணும்னா செவுத்த ஒட்டிப் பக்கவாட்டுலதான் போகோணும். வர்றவங்க எல்லாரும் உங்களாட்டத்தான் மொதல்ல வாயப் பொளந்துக்கிட்டு நிப்பாங்க. அப்பறம் போனை எடுத்துப் படம் புடிப்பாங்க. அப்பறம் "எங்க தாத்தா காலத்துல" அப்படீம்பாங்க. நீங்க இன்னும் அதச் சொல்லல. சொல்லாதீங்க.

விலைதான? விலைய நான்தான் சொல்லோணும். ஆனா வண்டி என்னுதில்ல. எஞ்சம்சாரத்துது. பாவாயின்னு பேரு, உள்ளதான் இருக்கறா. "விலைய அவரே சொல்லட்டும், அவரு என்ன சொல்றாரோ அதுக்கே குடுத்தர்றேன்"னு பால்காரர்கிட்டச் சொல்லியிருக்கறா. எங்கிட்டச் சொல்லல. எங்கிட்டப் பேசியே ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. சோத்தப் போட்டு வெச்சுட்டு, "சோறு வெச்சிருக்குது"ன்னு செவுத்தப் பாத்துச் சொல்லுவா. செவுரு எந்திரிச்சு வந்து சாப்பிடுமா? நான்தான் போய் உக்காந்து சாப்பிடறேன்.

எல்லாம் இந்த வண்டி விலைனால வந்தது. மறுக்கா எங்கூடப் பேசுவாளா மாட்டாளாங்கறதும் இந்த வண்டி விலைலதான் நிக்குது. அதுக்குத்தான் பால்காரர்கிட்ட அப்படிச் சொல்லிவிட்டிருக்கறா, எனக்குத் தெரியாதா? கொறச்சுச் சொன்னா, பழையபடி செவுரு. ஏத்திச் சொன்னா, அன்னைக்கு நான் சொன்னது தப்புன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. எப்படி மாட்டி வெச்சிருக்கறா பாருங்க. இத்தனைக்கும் அஞ்சாவது படிச்சவ.

எம்பேரு உங்களுக்குத் தெரியும்ல? சென்னியப்பன். ஆனா சங்ககிரி மேட்டுல வந்து சென்னியப்பன்னு கேட்டீங்கன்னா ஒருத்தனுக்கும் தெரியாது. கழிவு சென்னியப்பன்னு கேக்கோணும். மேடுன்னா, பைபாஸ்க்கு அக்கட்டால பழைய லாரியெல்லாம் வித்து வாங்கற எடம். அங்க முப்பது வருசமா மதிப்புச் சொல்றது நான். ஸ்பிரிங் பட்டை ஒடஞ்சிருந்தா அதுக்கொரு கழிவு, சேசிஸ்ல வெல்டிங் வெச்சிருந்தா அதுக்கொரு கழிவு, ஆர்சி புக்குல ஒரு எழுத்து மாறியிருந்தா அதுக்கொரு கழிவு. ஒண்ணொண்ணாக் கழிச்சுக்கிட்டே வந்து மிச்சம் என்ன நிக்குதோ அதச் சொல்லுவேன். சில வண்டிக்கு மிச்சமே நிக்காது. அதுக்கு நான் என்ன பண்றது?

எம்பேருக்குப் பின்னால சிரிக்கறானுக, தெரியும். சிரிக்கறவனெல்லாம் வண்டி வாங்கறப்ப என்னையத்தான் கூப்பிடறான்.

மேட்டுல ஒரு வழக்கம் இருக்குதுங்க. வேற எங்கயும் இருக்கறதாத் தெரியல. மதிப்புச் சொல்றவன் வண்டியச் சுத்திச் சுத்தி வருவான். சுத்தறப்ப என்ன வேணாலும் பேசலாம், எத்தனை லட்சம் வேணாலும் சொல்லலாம், அதெல்லாம் வெறும் நாயம், வாய்ப் பேச்சு. காத்தோட போயிரும். ஆனா கையத் தூக்கி வண்டி மேல வெச்சு ஒரு விலை சொல்லிட்டானா, அது விலை. அங்க நிக்கற எவன் "சரி"ன்னாலும் வண்டிக்காரன் குடுத்தே ஆகோணும். அப்பறம் பேரமில்ல, பேச்சில்ல. ஒருத்தனும் சரிங்கலீனா, வண்டிக்காரன் "நீயே எடுத்துக்கோ"ன்னு சொல்லலாம். சொன்னா மதிப்புக்காரன் எடுத்துத்தான் ஆகோணும். கை வெச்ச விலைன்னு அதுக்குப் பேரு.

இப்பப் புரியுதுங்களா நான் எதுக்குக் கொறச்சுச் சொல்றேன்னு? ஏத்திச் சொல்லி மாட்டுனவனெல்லாம் எங்க இருக்கறான்னு எனக்குத் தெரியும். மாரப்பன்னு ஒருத்தன் இருந்தான், எனக்கு முந்தி மதிப்புச் சொன்னவன். தாராள மனசு. ஊட்டு முன்னால மூணு செத்த வண்டி நின்னுச்சு அவனுக்கு. எந்தலையில இத்தனை வருசத்துல ஒரு வண்டி விழுந்ததில்ல. சொந்தமா வண்டின்னா அந்த மொபெட் ஒண்ணுதான். அதும் மாமனார் குடுத்தது.

அந்த மாமனாரு இந்த மாதிரி மூக்கு வண்டி, இன்ஜின் முன்னால நீட்டிக்கிட்டு இருக்கற பழைய லாரி, ஓட்டுனவரு. அதுதாங்க இந்தப் பீடைக்கெல்லாம் ஆரம்பம். பாவாயிக்கு ஒரே ஒரு அண்ணன், அர்த்தநாரி. அவரும் டிரைவரு. மச்சானுக்கு ஒரு ஆசை, அவங்கப்பன் ஓட்டுன மாதிரியே ஒரு மூக்கு வண்டிய எடுத்து, புதுசாப் பண்ணி, திருச்செங்கோட்டு மலையடிவாரத்துல கொண்டு போய் நிறுத்திப் பூஜை போடோணும்னு. அவங்கப்பன் ஓட்டுன வண்டி அவங்கப்பனுதா? இல்ல. முதலாளிது. அவரு மாசச் சம்பளத்துக்கு ஓட்டுனாரு. முதலாளி வித்துப் போட்டுட்டு வேற தொழிலுக்குப் போயிட்டான். இவங்க அண்ணன் தங்கச்சி ரெண்டும் அந்த வண்டி ஏதோ குலசாமியாட்டப் பேசிக்கிட்டு இருக்கும்.

செங்கச் சூளையில ஒரு கூடு கெடந்துச்சு. கூடுன்னா, இன்ஜின் இல்ல, சக்கரம் இல்ல, மூக்கு பாதி துருப்புடிச்சு உதிர்ந்து போச்சு, டிரைவர் சீட்டு இருந்த எடத்துல வேப்பஞ்செடி மொளச்சிருந்துச்சு. மச்சான் அத வாங்கிட்டு வந்தாரு. எங்கிட்டக் கேட்டாரா? கேக்கல. கேட்டிருந்தா காயலாங்கடைக்காரனுக்கு வழி சொல்லியிருப்பேன்.

ஆறு வருசம். லாரில லோடு போயிட்டு வர்றது, வந்ததும் அதுகிட்டப் போய் நிக்கறது. வேற வண்டி இன்ஜின ஒண்ணு புடிச்சுட்டு வந்து உக்கார வெச்சாரு, சக்கரம் மாட்டுனாரு. கேபினுக்குத் தேக்குச் சட்டம் போட்டாரு. மூக்கு இருக்குதே, பானெட்டு, அது எங்கயும் கெடைக்கல. கெடைக்கலீனா விட்டுத் தொலைய வேண்டியதுதான? மணல் மூட்டை மேல தகட்ட வெச்சு, மரச் சுத்தியல்ல தட்டித் தட்டி, கையாலயே பண்ணுனாரு. அந்த மூக்குக்கு மட்டும் ரெண்டு வருசம். தட்டறது, பாக்கறது, சரியில்லேன்னு தூக்கிப் போடறது, மறுக்கா தட்டறது. எவனாவது பண்ணுவானா? பண்ணுனாரே.

நான் அப்பவே பாவாயிகிட்டச் சொன்னேன், உங்கண்ணன் வண்டி பண்ணல, கொட்டு அடிக்கறாருன்னு. ஆரம்பிச்சத முடிக்கத் தெரியாதவன் எதுக்கு ஆரம்பிக்கோணும்? எனக்குப் பாதி வேலையப் பாத்தாலே ஆகாதுங்க. என்ன மேல பாக்கறீங்க? அந்தக் கம்பிகளா? அது மாடி எடுக்கறதுக்கு விட்டது. பதினஞ்சு வருசமா அப்படித்தான் நீட்டிக்கிட்டு நிக்குது. அது வேற. வீட்டுக்கு அவசரமில்ல, அது எங்கயும் போகப் போறதில்ல.

சரி. மச்சானுக்குச் சக்கரை. கால்ல ஒரு புண்ணு வந்து, கட்டை வெரல எடுத்தாங்க. அப்பறம் பாதத்துல பாதிய எடுத்தாங்க. கிளச்ச மிதிக்க முடியாது. வண்டி ஓட்டறதும் போச்சு, வண்டி வேலையும் போச்சு. பெயிண்ட் அடிக்கல, வயரிங் பாதி, பின்னால பாடியே இல்ல. இந்த நெலைமையில விக்கறதுன்னு முடிவு பண்ணுனாரு. வித்து அந்தப் பணத்துல ஊட்டு முன்னால ஒரு மளிகைக் கடை வெச்சு உக்காந்துக்கலாம்னு ரோசனை. நல்ல ரோசனைதான். அத மேட்டுக்குக் கொண்டு வந்தாரு பாருங்க, அங்கதான் தப்பு. அதுலயும் எல்லாத்துக்கும் முன்னால, "மாப்ளதான் மதிப்புச் சொல்லோணும், வேற ஆளு வேண்டாம்"னு சொன்னாரு. மாப்ளன்னா நான்.

எதுக்கு என்னையக் கேட்டாரு? நான் ஒறம்பறைன்னு பாத்து ஏத்திச் சொல்லுவேன்னா? பாவாயியும் வந்திருந்தா. மேட்டுக்குப் பொம்பளைங்க வர்றதே இல்ல. இவ அண்ணனக் கைத்தாங்கலாப் புடிச்சுக்கிட்டு வந்து நிக்கறா. சுத்தி அம்பது பேரு. ஒவ்வொருத்தன் மூஞ்சியிலயும் ஒரே சிரிப்பு. கழிவு மச்சானுக்கு என்ன போடறான்னு பாக்கலாம்னு நிக்கறானுக.

நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? ஏத்திச் சொல்லியிருந்தா, முப்பது வருசமாக் கட்டுன பேரு அன்னைக்கே போயிருக்கும். பொண்டாட்டி ஊட்டுக்காரங்களுக்குப் போட்டுக் குடுத்துட்டான்னு ஆயுசுக்கும் பேசுவானுக. நான் சுத்தி வந்தேன். வாய் விட்டே கழிச்சேன். ஆர்சில ஒரு இன்ஜின் நம்பர், வண்டில ஒரு இன்ஜின், கழிவு. பாடி இல்ல, கழிவு. எஃப்சி போய் எத்தனையோ வருசம், கழிவு. மூக்கு கம்பெனி மூக்கு இல்ல, கையில பண்ணுனது, கழிவு. ஒவ்வொண்ணுக்கும் கூட்டம் சிரிக்குது. சிரிப்பு வந்தா எனக்கும் வாய் நிக்காதுங்க, அது எம்பழக்கம். கடசியா கைய வெச்சேன். "இரும்பு விலைதான். ஒரு லட்சத்துப் பத்தாயிரம்"னேன்.

மச்சான் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு.

பைபாஸ் ஓட்டல்காரன் ஒருத்தன் பின்னாலயே நின்னுக்கிட்டு இருந்தான். அவன் டக்குன்னு சரின்னுட்டான். எதுக்குங்கறீங்க? ஓட்டல் வாசல்ல நிறுத்தி, மூக்கத் தொறந்து வெச்சு, உள்ள மண்ணைக் கொட்டிப் பூச்செடி வெக்கறதுக்காமா. அவன் வாய மூடறதுக்குள்ள பாவாயி, "நானும் சரிங்கறேன்"னா. மேடே திரும்பிப் பாத்துச்சு. ரெண்டு பேரு ஒண்ணாச் சரின்னா வண்டிக்காரன் யாருக்கு வேணாலும் குடுக்கலாம், வழக்கம் அது. மச்சான் தங்கச்சியக் கை காட்டுனாரு. இவ கழுத்துச் சங்கிலியக் கழட்டி அங்கயே நகைக்கடைக்காரங்கிட்ட எடை போட அனுப்பிச்சுட்டா. தெரிஞ்சுக்கங்க, எங்க ஊட்டுப் பொம்பளை, நான் மதிப்புச் சொன்ன வண்டிய, எங்கண்ணு முன்னால, என்னையக் கேக்காம வாங்குனா.

அன்னைக்கு ஊட்டுக்கு வந்ததும் ஒரு கேள்வி கேட்டா. "ஏனுங்க, எங்கண்ணன் ஆறு வருசம் தட்டுனது உங்க கணக்குல எங்கீங்க வருது?" தட்டுனதுக்கெல்லாம் மேட்டுல கணக்குக் கெடையாதுன்னு சொன்னேன். உண்மையத்தான சொன்னேன்? அன்னையில இருந்து பேச்சில்ல.

டிராக்டர் வெச்சு இழுத்துட்டு வந்து இங்க நிறுத்துனாங்க. வந்த நாள்ல இருந்து எனக்குத் தொந்தரவுதான். மழை பேஞ்சா அந்தத் தகட்டுல விழுகற சத்தத்துல தூங்க முடியல. அதனால தார்ப்பாய் வாங்கிட்டு வந்து மூடுனேன். துருத் தண்ணி சிமெண்ட்டுத் தரையில வடிஞ்சா கறை போகாது, அதனால மண்ணெண்ணெய்த் துணி வெச்சு வாரத்துக்கு ஒருவாட்டி தொடைக்கறேன். முன்னால லைட்டு ரெண்டுக்கும் வளையம் இல்லாம, கண்ணப் புடுங்குன மாதிரி முழிச்சுக்கிட்டு இருந்துச்சு. காலங்காத்தால கதவத் தொறந்தா அது மூஞ்சியில முழிக்கோணும். ஈரோட்டுல ஒரு பழைய சாமான் கடையில வளையம் கெடந்துச்சு, வாங்கிட்டு வந்து மாட்டுனேன். பொழுதோட சித்த நேரம் கேபின்ல ஏறி உக்காருவேன். அங்கதான் போன் டவர் நல்லாக் கெடைக்குது. இல்லீங்க, யாருக்கும் போன் பண்றதில்ல. யாராவது பண்ணுனா?

ஞாயித்துக்கிழமை ஆனா மச்சான் கட்டையூணிக்கிட்டு வருவாரு. அண்ணனும் தங்கச்சியும் வயரிங் பாத்துக்கிட்டு இருப்பாங்க. அவரு சொல்லுவாரு, இவ ஒயரப் புடிச்சு முறுக்குவா. அறுவது வயசுல எஞ்சம்சாரம் எலக்ட்ரீசியன் ஆயிட்டா. மச்சான் எங்கிட்டப் பேசுவாரு. "மாப்ள சாப்பிட்டாச்சுங்களா"ம்பாரு. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஒரு வார்த்தை திட்டி வெய்யலாமே. வெய்ய மாட்டாரு.

எந்திரிங்க, வண்டியக் காட்டறேன். உக்காந்துக்கிட்டே வண்டி வாங்க முடியாது. என்ன பூட்ஸ் தம்பி இது, மலையேறப் போறீங்களா? சரி வாங்க.

இது சேசிஸ். நேரா இருக்குது, அது மட்டும் சொல்லீர்றேன். குனிஞ்சு பாருங்க, கண்ணுக்கே தெரியும். இது டிரைவர் கதவு. சாத்தறப்ப சத்தம் வருதான்னு பாருங்க. வரல பாத்தீங்களா? பழைய வண்டிக் கதவுன்னா ஊரு முழுக்கக் கேக்கோணும். இது பொட்டியாட்ட மூடிக்குது, இதென்ன வண்டிக் கதவா? இது தேக்குச் சட்டம். ஆணி ஒண்ணு கூட இல்ல, எல்லாம் மரத்துக்குள்ள மரமாக் கொழுவு வெச்சுச் சேத்தது. ஆணி அடிச்சிருந்தா நாலு நாள்ல முடிஞ்சிருக்கும். இவருக்கு எட்டு மாசம் ஆச்சு. இப்படித்தான் நேரத்த வீணாக்குனாரு மனுசன்.

இங்க வாங்க, இந்த மூக்கப் பாருங்க. பாக்காதீங்க, தடவுங்க. என்னையாட்ட உள்ளங்கைய வெச்சுத் தடவுங்க. கண்ண மூடிக்கங்க. ஒட்டு எங்க இருக்குதுன்னு சொல்லுங்க பாக்கலாம். ஏழு துண்டுத் தகடு அது. ஏழையும் ஒண்ணாச் சேத்திருக்கறாரு. தெரியாது. எனக்கே தெரியாது. முப்பது வருசமா ஒட்டப் புடிச்சுக் கழிவு போட்டே சோறு தின்னவன் நான், எனக்கே வெரல்ல தட்டல. பட்டி கூடப் பாக்கல இன்னும், வெறும் தகடு. இதத்தான் அன்னைக்கு நான் கம்பெனி மூக்கு இல்லேன்னேன். கம்பெனிக்காரனுக்கு மெசின் இருந்துச்சு. இவருக்கு மணல் மூட்டைதான் இருந்துச்சு.

என்ன சொன்னீங்க? ஆறா? ஆறு லட்சமா?

தம்பி, நீங்க எந்த ஊரு? கோயமுத்தூரா. அங்க எல்லாரும் உங்களாட்டத்தானா? பூட்ஸ் என்ன விலைங்க? ஆறு லட்சத்துக்கு நாலு டயரும் தேக்குச் சட்டமும் வாங்கலாம். அப்பறம் இந்த மூக்க யாரு தட்டிக் குடுப்பா, உங்கப்பாவா? கோவிச்சுக்காதீங்க, பேச்சுக்குச் சொல்றேன். ஆறு லட்சமாமா. ஓட்டல்காரன் பூச்செடி வெக்கறேன்னான், நீங்க ஆறு லட்சம்ங்கறீங்க, ரெண்டும் ஒண்ணுதான். கெரகம், வாங்க வர்றவனுக்குப் பொருள் தெரியோணும். தெரியலீனா சும்மா இருக்கோணும். இந்த வண்டி பதினாலு லட்சம். கேட்டுக்கிட்டீங்களா? பதினாலு லட்சத்துக்கு ஒரு ரூவா கொறஞ்சாலும் இத யாரும் தொடப்படாது. போங்க, போய் உங்க ஊருல சொல்லுங்க.

என்ன?

என்ன சரி தம்பி? எதுக்குச் சரி?

பாவாயி, நீயா பேசுன? எப்ப வந்து கதவு நெலவுல நின்ன? என்ன சொன்ன?

தம்பி, அவ என்ன சொன்னா? உங்களுக்குக் கேட்டுச்சா? "கை வண்டி மேலதான் இருக்குதுங்க"ன்னுதான சொன்னா?

எங்கையா? ஆமா. இருக்குது. இது சும்மா, உங்களுக்குத் தடவிக் காட்டறதுக்கு வெச்சது. இது மேடு இல்லீங்களே, எங்க ஊட்டு வாசல். வாசல்ல எல்லாம் அந்த வழக்கம்... இல்ல, அப்படிச் சொல்ல முடியாது. நானே ஒருவாட்டி பெருந்துறைல ஒருத்தன் காட்டுக்குள்ள நின்ன வண்டிக்கு, இப்படித்தான் கை வெச்சதக் காட்டி அவன மடக்கியிருக்கறேன். எங்க வெச்சாலும் கை கைதான்னு நான்தான் சொன்னேன். அவளுக்கும் அது தெரியும். அவ டிரைவர் மக.

சித்த இருங்க. சரின்னு அவசரப்பட்டுச் சொல்லாதீங்க. சின்னப் பையன் நீங்க, கழிவச் சொல்லாம விட்டா எனக்குப் பாவம். இன்ஜின் நம்பர் ஆர்சியோட ஒத்துப் போகாது, ஆபீசுக்கு நடையா நடக்கோணும். தெரியுமா? சரி. பின்னால பாடி கெடையாது, அதுக்கே நாலஞ்சு லட்சம் இழுத்துரும். பாத்தீங்களா? கியர்பாக்ஸ் மூணாவதுல கொஞ்சம் கத்தும். வயரிங் இவ பண்ணுனது, நம்ப முடியாது. ஸ்பேர் ஒண்ணும் கெடைக்காது, தேடித் தேடியே செத்துருவீங்க. வேகமாப் போகாது. ஏசி வெக்க முடியாது. பொம்பளைங்க ஏறி எறங்க முடியாத ஒயரம். நான் சொல்றேன், கழிவு சென்னியப்பன் சொல்றேன், இத வாங்கறவன் முட்டாள்.

எதுக்குத் தம்பி சிரிக்கறீங்க?

எல்லாத்துக்கும் சரி சரிங்கறீங்க. உங்களை வரச் சொன்னது யாரு? போட்டோவப் பாத்துட்டு வந்தீங்கன்னுல்ல நான் நெனச்சேன். அவளா? பாவாயி போன் பண்ணாளா உங்களுக்கு? எப்ப? எங்கிட்டத்தான் பேச மாட்டா, கோயமுத்தூர்ல முன்னப் பின்ன தெரியாதவங்க கிட்டப் பேசுவா. ஆறுன்னு ஆரம்பிங்க, அவருக்குக் கோவம் வந்துரும்னு சொன்னாளா? அப்படியே சொன்னாளா?

ஏ பாவாயி. விக்கப் போறியா நீ? நெசமாலுமேவா? சங்கிலியக் கழட்டி வாங்குன. ஒரு வருசமா யாருக்கும் குடுக்காமக் காப்பாத்துன. ஞாயித்துக்கிழமை தவறாம ஒயரு முறுக்குன. உனக்கு இது வேணும்னுதான நான்... நான் என்ன? நான் ஒண்ணுமில்ல. விடு.

கேட்டுக்கிட்டீங்களா தம்பி அவ சொல்றத? வண்டி எனக்கெதுக்குங்கறா. அண்ணன் மளிகைக் கடை வெக்கோணுமாம், அதுக்கு இது விக்கோணுமாம், ஆனா விக்கறது அந்த இரும்பு விலைக்கு விக்கக் கூடாதாம். அந்த விலைய மாத்தறதுக்கு ஊருல வேற வாய் கெடையாதாம். அதுக்குத்தான் இத்தனை நாள் வாசல்ல நிறுத்தி வெச்சிருந்தாளாமா. எனக்காகவா நிறுத்துன? இதென்ன கொடுமைங்க.

போன எடுத்துட்டு வந்துட்டா. அண்ணனுக்குப் போடறா. இந்தாங்க, உங்க கையிலதான் குடுக்கறா, பேசுங்க. "எங்க ஊட்டுக்காரரு மூக்கு மேல கை வெச்சுச் சொன்ன விலைன்னு சொல்லுங்க, அப்படியே சொல்லுங்க"ங்கறா. சொல்லுங்க. பதினாலுன்னு சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க, அவருக்குக் காது நல்லாத்தான் கேக்கும், இருந்தாலும் சத்தமாச் சொல்லுங்க.

என்ன சொன்னாரு?

அழுகறாரா? சின்ன வயசுல இருந்தே அப்படித்தான் அவரு, எதுக்கெடுத்தாலும் அழுவாரு. எங்கிட்டக் குடுக்க வேண்டாம். எனக்கென்ன பேச்சு அவருகூட. வெச்சுருங்க. மாப்ள சாப்பிட்டாச்சான்னு கேட்டாரா? கேப்பாரு. கேக்காம இருக்க மாட்டாரு. சாப்பிட்டாச்சுன்னு சொல்லீருங்க.

எப்ப எடுத்துட்டுப் போவீங்க? நாளைக்கா? நாளைக்கேவா? வண்டி ஏத்தற டிரைலர் சும்மாதான் நிக்குதா. நாளைக்கு அஷ்டமிங்க. நாளான்னைக்கு நவமி. அதெல்லாம் பாக்க மாட்டீங்களா? பாக்கோணும் தம்பி. வாசல அடச்சுக்கிட்டு நிக்குதுன்னு நான்தான் சொன்னேன், இல்லேங்கல. ஒரு வருசமா அடச்சுக்கிட்டு நின்னதுக்கு, இன்னும் நாலு நாள்ல ஒண்ணும் கொறஞ்சு போயிராது. ஏத்தறப்ப மூக்குல கயிறு போட உடாதீங்க. அடியில சேசிஸ்ல போடச் சொல்லுங்க. பெயிண்ட் அடிக்கறவங்கிட்ட, பட்டி கொஞ்சமாத்தான் வேணும்னு சொல்லுங்க, வாரி அப்பீருவானுக. தகடு தெரியாமப் போயிரும். பூச்செடி வெக்கறவன் எவனாவது கேட்டா, எத்தனை லட்சம்னாலும் குடுத்துராதீங்க. எழுதியெல்லாம் குடுக்க வேண்டாம், வாயில சொல்லுங்க போதும்.

இருங்க தம்பி, அந்த லைட்டு வளையத்த ஒருவாட்டி தொடச்சுர்றேன். எதுக்குன்னு கேக்காதீங்க, எனக்குத் தெரியல. முப்பது வருசத்துல எத்தனையோ வண்டி எங்கண்ணு முன்னாலயே போயிருக்குது. ஒண்ணைக் கூட நான் திரும்பிப் பாத்ததில்ல.

பாவாயி கேக்கறா. "காப்பி குடிக்கறீங்களா"ங்கறா. உங்களையா கேட்டா? இல்லீங்க, என்னையத்தான் பாத்துக் கேக்கறா. ரெண்டு பேத்துக்கும் போடு பாவாயி. சக்கரை எனக்கு ஒரு கரண்டி எச்சா.

சாவியா? சாவி எங்கிட்டத்தான் இருக்குது. ஜோப்புல. ஆமா, எப்பவும் எஞ்சட்டை ஜோப்புலதான் இருக்கும். தர்றேன், இருங்க. காப்பி வரட்டும், குடிச்சுட்டு வாங்கிக்கலாம்.